வியாசர்பாடி வீட்டுக் கணினிக்கு எந்தச் சவுண்ட் கார்டு?

வியாசர்பாடியில் இரண்டாவது மாடி வீடு, 8 ஆண்டுகளுக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி, ஸ்பீக்கரைப் போட்டதுமே ‘உம்’ என்று விடாமல் கேட்கும் இரைச்சல், அண்ணன் பாடும் கானாவை டோலக்கோடு பதிவு செய்தால் குரலுக்குப் பின்னாலும் அதே இரைச்சல். இதற்கு 6,000 ரூபாய்க்குள் எந்தச் சவுண்ட் கார்டு வாங்கலாம், அதை ஆள் வைக்காமல் நானே பொருத்திவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்துவதை நீங்களே செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் இரைச்சலில் ஒரு பாதி எந்தக் கார்டு போட்டாலும் போகாத வகையைச் சேர்ந்தது. மறு பாதிக்குக் கேபினெட்டுக்குள் பொருத்தும் கார்டைவிட வெளியே வைக்கும் பெட்டியே பொருத்தமானது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் வாங்கினால் பணம் போன பிறகும் ‘உம்’ போகாது.

சவுண்ட் கார்டுக்கு இரண்டு வேலைகள். கோப்பில் எண்களாக இருக்கும் ஒலியை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ அனுப்புவது ஒன்று. மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி, அதை நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக எழுதிவைப்பது மற்றொன்று. இதில் நினைவில் வைக்க வேண்டியது, ஒலி எண்களாக இருக்கும்வரை அதற்குள் இரைச்சல் நுழைய முடியாது என்பதுதான். யுஎஸ்பி கம்பியிலோ ஹார்டு டிஸ்கிலோ இருக்கும் பாட்டு பக்கத்தில் மின்விசிறி ஓடுவதால் கெட்டுவிடாது. மின்னழுத்தமாக மாறிய பிறகு, அல்லது எண்களாக மாறுவதற்கு முன், ஒலி பயணிக்கும் அந்தச் சில அடி வழியில்தான் எல்லா இரைச்சலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த வழி எது, அதில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், எதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. 1980களின் கணினியில் ‘பீப்’ என்று கத்தும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. 1987இல் ஆட்லிப் கார்டும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரும் வந்த பிறகே வீட்டுக் கணினி இசையும் பேச்சும் எழுப்பத் தொடங்கியது. நல்ல ஒலி வேண்டுமென்றால் தனிக் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் அப்போது பதிந்தது. இன்றும் பலர் மனத்தில் அப்படியே இருக்கிறது. இன்டெல் 1997இல் ஏசி 97 என்ற முறையையும் 2004இல் ஹை டெஃபினிஷன் ஆடியோ என்ற முறையையும் வகுத்த பிறகு, மதர்போர்டிலேயே ஓர் ஓரமாக ஒரு சிறிய ஒலிச் சிப்பைப் பதித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் கணினியிலும் பெரும்பாலும் ரியல்டெக் சிப் ஒன்று அப்படித்தான் இருக்கும். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். ஆகவே, மதர்போர்டு ஒலி மட்டமானது என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சிப் நன்றாகவே இருந்தும் அதற்கு வரும் போகும் வழி கெட்டிருக்கும் வீடுகளையே நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இன்று மாலை செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு, கணினியின் பின்பக்கத்தில் இருக்கும் பச்சை ஜாக்கில் ஒரு சாதாரண ஹெட்போனைச் செருகுங்கள். முன்பக்க ஜாக்கில் அல்ல, பின்பக்கத்தில். பாட்டு எதுவும் ஓடாமல் ஒலியளவைப் பாதிக்கு மேல் வைத்துக் கேளுங்கள். ஹெட்போனில் அமைதியாக இருந்தால் உங்கள் சிப்பில் குறையே இல்லை. ‘உம்’ வேறெங்கோ பிறக்கிறது. ‘உம்’ இல்லாமல், மவுஸை நகர்த்தும்போதோ இணையப் பக்கத்தை மேலும் கீழும் ஓட்டும்போதோ கிறுகிறுவென்று ஊசி போன்ற ஒலி கேட்டால், மதர்போர்டுக்குள் ஓடும் மின்சாரத்தின் சலசலப்பு ஒலிப் பகுதிக்குள் கசிகிறது என்று பொருள். அதற்குத்தான் தனிக் கார்டோ வெளிப் பெட்டியோ உண்மையான மருந்து. பின்பக்கம் சுத்தமாகவும் முன்பக்கம் இரைச்சலாகவும் இருந்தால், கேபினெட்டின் முன்பலகையிலிருந்து மதர்போர்டுக்கு ஓடும் மெல்லிய கம்பிதான் காரணம். விலை குறைந்த கேபினெட்டுகளில் அந்தக் கம்பிக்கு உறை சரியாக இருக்காது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மின்விசிறிக்கும் பக்கத்தில் போகும்போது அங்குள்ள குறுக்கீட்டையெல்லாம் அள்ளிக்கொள்ளும். பின்பக்க ஜாக்கைப் பயன்படுத்துங்கள், அதோடு அது தீர்ந்தது.

உங்கள் வீட்டில் நான் எதிர்பார்ப்பது முதல் வகையைத்தான். விடாமல் ஒரே சுருதியில் கேட்கும் ‘உம்’ என்பது நம் வீட்டு மின்சாரத்தின் குரல். 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும்தான் ஸ்பீக்கரில் ‘உம்’ என்று கேட்கின்றன. அது ஒலி வழிக்குள் நுழைவதற்கு வடசென்னையின் பழைய வீடுகளில் மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. மூன்று துளை பிளக் பாயிண்ட் சுவரில் இருக்கும், ஆனால் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே வந்திருக்காது. வந்திருந்தாலும் கீழே மண்ணில் பதித்த எர்த்தோடு அது சேர்ந்திருக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் இதே ‘உம்’ கேட்டபோது, மதர்போர்டின் ஒலிச் சிப் போய்விட்டது என்று முடிவு கட்டி ஒரு கார்டு வாங்கிப் போட்டேன். இரைச்சல் துளியும் குறையவில்லை. கார்டுதான் கெட்டது என்று நினைத்து அதை மாற்றி வேறொன்று வாங்கினேன், அதிலும் அப்படியே. ஒரு நாள் ஈரக் கையோடு கேபினெட்டைத் தொட்டபோது சுருக்கென்று உறுத்தியது. எலக்ட்ரீஷியன் வந்து ஸ்விட்ச் போர்டைத் திறந்து பார்த்தபோது, எர்த் கம்பி எதிலும் முடுக்கப்படாமல் சுருண்டு கிடந்தது. அதை முறையாக இணைத்த அன்றே ‘உம்’ நின்றுபோனது. இரண்டு கார்டு வாங்கிய பணத்தைவிட, வீட்டில் குழந்தைகள் தொடும் ஒரு பெட்டி அவ்வளவு நாள் அப்படி இருந்திருக்கிறதே என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அந்தச் ‘சுருக்’ எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் குறுக்கீட்டை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறிய மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். வடிகட்டிய கழிவை எர்த் வழியாக மண்ணுக்கு அனுப்புவதுதான் அவற்றின் ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அந்தக் கழிவுக்குப் போக்கிடம் இல்லை. மின்சாரத்தின் ஏறத்தாழ பாதி அழுத்தம், மிகச் சிறிய மின்னோட்டத்தோடு, கேபினெட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேபினெட்டோடு இணைந்திருக்கும் ஸ்பீக்கர் கம்பியின் உறை வழியாக அது வெளியே போக வழி தேடும்போது ஸ்பீக்கரில் ‘உம்’ கேட்கிறது. நீங்கள் எத்தனை கார்டு மாற்றினாலும் எல்லாக் கார்டும் அதே கேபினெட்டில்தான் திருகப்படும். எனவே முதல் செலவு ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, கணினி இருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்வதாக இருக்கட்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். இது ஒலிக்காக மட்டும் கேட்கும் வசதி அல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

எர்த் சரியாக இருந்தும் ‘உம்’ கேட்டால், அது எதிர்த் திசைக் கோளாறு: எர்த்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பது. கணினி ஒரு சுவர் பாயிண்டிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு சுவர் பாயிண்டிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒலிக் கம்பி ஒரு வளையத்தை மூடிவிடும். அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டமே ‘உம்’ ஆகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணைத்திருக்கிறீர்கள் என்றால், டிவிக்கு வரும் கேபிள் கம்பியை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். மொட்டை மாடி வழியாகத் தெருவெல்லாம் சுற்றி வரும் அந்தக் கம்பி பெரும்பாலும் தனியொரு எர்த்தைக் கூடவே கொண்டுவரும். அதைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், ஸ்பீக்கர் கம்பியின் நடுவில் போடும் சிறிய ஒலி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, கடையில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், சில நூறு ரூபாயில் வேலையை முடித்துவிடும். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் ‘உம்’ நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் நிற்கவும் செய்யும். ஆனால் உள்ளே ஒரு ஃபேஸ் கம்பி கழன்று கேபினெட்டில் பட்டால், ஒலிக்காக வெட்டிய அந்த முள் ஓர் உயிரை வாங்கிவிடும்.

இனிப் பதிவு பற்றி. இங்கேதான் உங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டிய நியாயமான காரணம் இருக்கிறது. கணினியின் இளஞ்சிவப்பு மைக் ஜாக் ஹெட்செட் மைக்கை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. நேரடியாகப் பேசுவதற்குப் போதும், பாட்டுக்குப் போதாது. அதில் வேறு மைக்கைச் செருகினால் குரல் மெலிதாக விழும். உடனே விண்டோஸ் அமைப்பில் மைக்ரோஃபோன் பூஸ்ட் என்பதை 30 டெசிபலுக்கு ஏற்றுவோம். 30 டெசிபல் என்றால் ஏறத்தாழ 32 மடங்கு. குரலோடு சேர்ந்து, வழியில் ஒட்டிய இரைச்சலும் 32 மடங்கு ஆகிவிடும். உங்கள் பதிவில் குரலுக்குப் பின்னால் கேட்பது பெரும்பாலும் இதுதான். பூஸ்டைக் குறைத்தால் இரைச்சலும் குறையும், ஆனால் குரலும் குறையும். அந்த ஜாக்கை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்வு கிடையாது.

கேபினெட்டுக்குள் பொருத்தும் கார்டு வாங்கினாலும் இந்தக் குறை தீராது என்பதால்தான் தொடக்கத்திலேயே அப்படிச் சொன்னேன். கிரியேட்டிவின் ஆடிஜி எஃப்எக்ஸ், அஸுஸின் ஸோனார் எஸ்இ போன்ற கார்டுகள் ஒலியை வெளியே அனுப்புவதில் திறமையானவை. நல்ல ஹெட்போனைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், 5.1 ஸ்பீக்கர்களை, அதாவது சுற்றி வைக்கும் ஐந்தையும் தாழ்ந்த ஒலிக்கான ஒன்றையும், தனித்தனியாக இணைக்கலாம். ஆனால் உள்ளே வரும் வழி அவற்றிலும் அதே 3.5 மில்லிமீட்டர் மைக் ஜாக்தான். பாடகர்கள் மேடையில் பிடிக்கும் மைக்குக்குரிய மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பு அவற்றில் இல்லை. படம் பார்க்கவும் விளையாடவும் 5.1 ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் அந்தக் கார்டுகளையே நான் சொல்லியிருப்பேன். பாடுகிறவர் இருக்கும் வீட்டுக்கு அவை பொருந்தாது.

உங்களுக்கு வேண்டியது யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இந்தப் பெட்டியில் மைக்குக்கான பெருக்கியும், எண்களாக மாற்றும் சிப்பும், ஹெட்போன் ஜாக்கும் ஒன்றாக இருக்கும். கேபினெட்டின் சலசலப்பிலிருந்து விலகி மேசைமேல் இருப்பதால், மைக்கின் மெல்லிய மின்னழுத்தம் அங்கேயே எண்களாகி, பிறகுதான் கணினிக்குப் போகிறது. உங்கள் வரம்புக்குள் தேடத் தொடங்க வேண்டிய இடம் பெஹ்ரிங்கரின் யுஎம்2, யுஎம்சி22 ஆகியவை. இரண்டிலும் ஒரு மைக் வழியும் ஒரு இசைக்கருவி வழியும் இருக்கின்றன. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ தரத்தில் ஒரு படி மேல், விலையிலும் மேல். குரலையும் டோலக்கையும் தனித்தனி மைக்கில் ஒரே நேரத்தில் பதிய வேண்டுமென்றால், இரண்டு மைக் வழிகள் கொண்ட பெஹ்ரிங்கர் யுஎம்சி202எச்டி அல்லது ஸ்கார்லெட் 2ஐ2 போன்றதற்குத்தான் போக வேண்டியிருக்கும். முதலில் ஒரு மைக்கோடு தொடங்குங்கள் என்பேன். அண்ணன் மைக்குக்கு அருகிலும் டோலக் சில அடி தள்ளியும் இருக்கும்படி உட்கார்ந்து, இடத்தை மாற்றி மாற்றிச் சரியான கலவையைக் கண்டுபிடிப்பதே ஒரு நல்ல பயிற்சி. கானா பிறந்ததே நடுவில் ஒருவர் பாட, சுற்றி உட்கார்ந்தவர்கள் தாளம் போட என்ற ஏற்பாட்டில்தான். ஒரே மைக்கில் பதிந்தால் அந்தக் கூடியிருந்த உணர்வும் பதிவில் வந்துவிடும்.

மைக் எது என்பது இன்டர்ஃபேஸைவிடவும் முக்கியமானது. கண்டென்ஸர் மைக் மெல்லிய ஒலியையும் பிடிக்கும்; அதற்கு இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் மின்சாரம் அனுப்ப வேண்டும், அதற்குரிய பொத்தான் மேலே சொன்ன பெட்டிகளில் இருக்கிறது. ஆனால் வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையம் வழியாக வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும் பகுதியில், கீழே ஆட்டோவும் மீன் விற்பவரின் குரலும் வரும் வீட்டில், மெல்லிய ஒலியையும் பிடிப்பது குணமல்ல, குறை. டைனமிக் மைக் வாயருகே இருப்பதை நன்றாகவும் தள்ளி இருப்பதை மெலிதாகவும் எடுக்கும். 48 வோல்ட்டும் வேண்டாம். கச்சேரிகளில் கையில் பிடிக்கும் மைக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். கச்சேரிக் குழுவில் இருக்கும் நண்பர் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கிப் பாடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் சில நூறு ரூபாய்க்குக் கட்டை விரல் அளவு யுஎஸ்பி சவுண்ட் கார்டுகள் கிடைக்கும். பல உறைகளில் 7.1 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது இடம் வலம் என்ற இரண்டே வெளி வழிகளும், ஒற்றை மைக் வழியும்தான், 7.1 என்பது மென்பொருள் செய்யும் பாவனை. மதர்போர்டு ஒலி அடியோடு செத்துப்போன கணினிக்கு அவசர உதவியாக அது நல்ல பொருளே, நானும் ஒன்று கைவசம் வைத்திருக்கிறேன். பாட்டுப் பதிவுக்கு அது உதவாது. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதென்றால் இரண்டைப் பாருங்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமான ஸ்லாட்டுகளில், அது நீளமான பழைய பிசிஐ ஸ்லாட்டுக்குரியதா, அல்லது குட்டையான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குரியதா என்பது ஒன்று. முந்தையது உங்கள் போர்டில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அதன் தயாரிப்பாளர் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள், கொடுக்கிறாரா என்பது மற்றொன்று. டிரைவர் கைவிடப்பட்ட கார்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மேசையில் வைக்கும் எடைக்கல்தான். எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி என்பது வெறும் வாய்ச்சொல்.

கேபினெட்டுக்குள் பொருத்துவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னால் ஒரு நாள் தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன். கணினியை முறையாக நிறுத்தி, சுவர் ஸ்விட்சையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை மேசைமேல் படுக்கவைத்து, பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் கார்டின்மேல் பாயாமல் இருக்க இது வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், அதிலிருந்து எவ்வளவு தள்ளி ஸ்லாட் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. குட்டை ஸ்லாட் கிடைக்காவிட்டால் நீண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் இதே கார்டு உட்காரும், வேலையும் செய்யும். அந்த ஸ்லாட்டுக்கு நேரே இருக்கும் தகட்டைக் கழற்றி, கார்டின் தங்க நிறப் பற்களில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து, நேராக, இரு பக்கமும் ஒரே சீராக அழுத்துங்கள். பற்கள் முழுவதும் மறைந்த பிறகு திருகை முடுக்குங்கள். திருகில்லாமல் விட்டால், ஜாக்கைச் செருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கார்டு ஆடி, சில மாதங்களில் தொடர்பு விட்டு விட்டு வரத் தொடங்கும். முன்பலகை ஒலிக் கம்பியை இந்தக் கார்டுக்கு மாற்றுவதென்றால், அதன் பிளக்கில் ஒரு துளை அடைக்கப்பட்டிருப்பதையும் கார்டில் அதே இடத்தில் ஒரு முள் இல்லாதிருப்பதையும் ஒப்பிட்டுச் செருகுங்கள். தலைகீழாக அது நுழையாது, நுழைகிறதென்றால் இடம் தவறு.

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவுங்கள். அதன் பிறகும் ஒலி வரவில்லை என்று பலர் பதறுவதற்குக் காரணம், விண்டோஸ் இன்னும் பழைய சிப்புக்கோ எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கோ ஒலியை அனுப்பிக்கொண்டிருப்பதுதான். ஒலி அமைப்பில் புதிய கருவியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய சிப்பைப் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், நிறுத்திவிடச் சிலர் சொல்வார்கள். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு அதைச் செய்தால் போதும்.

யுஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கு இவ்வளவு வேலை இல்லை. அதைக் கேபினெட்டின் பின்பக்க யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள். மலிவான யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், மின்சாரம் போதாமல் பதிவின் நடுவே ‘டக் டக்’ என்று அறுபடும். பதிவு மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி 24 பிட்டில், அதாவது ஒவ்வோர் அளவையும் கூடுதல் நுணுக்கத்தோடு, பதியக்கூடியதென்றால் அதையே தேர்ந்தெடுங்கள். அண்ணனை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கவைத்து, பாட்டிலேயே மிக உச்சமான அடியைப் பாடச் சொல்லி, அப்போது மானி கழித்தல் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி பெருக்கியின் குமிழைத் திருப்புங்கள். கானா பாடகர் உணர்ச்சி ஏறும்போது திடீரென்று குரலை உயர்த்துவார். அந்த இடத்தில் மானி அதன் உச்ச வரம்பான பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் கிழிந்துவிடும், கிழிந்ததை எந்த மென்பொருளும் முழுதாகத் தைக்காது. மெலிதாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

தாளத்தை முன்பே பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டபடி அண்ணன் பாடும்போது, அவர் குரல் அவர் காதுக்கே தாமதமாகத் திரும்பி வருவதை உணர்வார். மென்பொருளில் பஃபர் என்று ஓர் அளவு இருக்கும், ஒரு முறைக்கு எத்தனை ஒலி எண்களைச் சேர்த்து அனுப்புவது என்பதுதான் அது. 48,000 ஹெர்ட்ஸில் 256 என்று வைத்தால் ஒரு வழித் தாமதம் 5 மில்லி நொடிக்குச் சற்று மேல். எதிரே ஆறடி தள்ளி உட்கார்ந்தவர் அடிக்கும் டோலக் ஒலி காற்றில் வந்து சேர ஆகும் நேரமும் அவ்வளவுதான், ஆகவே அது பொறுக்கக்கூடியது. போக வர இரண்டு வழியும் டிரைவரின் தாமதமும் சேரும்போதுதான் பாடுபவர் தடுமாறுகிறார். பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிடுங்கள். குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வரும், தாமதப் பிரச்சினையே எழாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு கவனமும் உண்டு. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் ஜாக்குகளும் யுஎஸ்பி துளைகளும் ஓரிரு ஆண்டுகளில் பச்சை பூத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்; உங்கள் வீடு உள்ளே தள்ளியிருந்தாலும் உப்புக் காற்று அங்கும் வரத்தான் செய்யும். ஜாக்கைத் திருகும்போது ‘கரகர’வென்று ஒலித்தால் அது சிப்பின் கோளாறல்ல, படிந்த உப்பு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பிளக்கைத் துடைத்து, அதே பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பயன்படுத்தாதபோது மைக்கையும் இன்டர்ஃபேஸையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்கும் வழக்கத்தை, கீழ்வீட்டில் இருக்கும் உங்கள் நண்பர்களிடமும் விடச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பொருளை வாங்கி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, மைக்கைச் செருகி, பாட்டுக்கு வைக்கும் அதே அளவில் குமிழை வைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். அதை ஹெட்போனில் முழு ஒலியில் கேளுங்கள். தூரத்து ரயிலும் பக்கத்து வீட்டு டிவியும் கேட்டால் அது அறையின் ஒலி. மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, துணி நிறைந்த கொடிக்கு முன்னால் பாடினால் குறையும். மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டால் அது பெருக்கியின் இயல்பு, பாடும்போது மறைந்துவிடும். அதே பழைய ‘உம்’ கேட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மைக் கம்பியை வேறு கம்பி மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் இருந்தால் மறுபடியும் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.